செம்பு குறைந்த வெண்கலம்

அந்த ரயில் நிலையத்தில் ஏழு நடைமேடைகள். ஏழையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமென்றால், பயணச்சீட்டுக் கூடத்தின் ஓரமாக நிற்கும் இரும்புப் படிக்கட்டில் இருபத்திரண்டு படி ஏறி மேலே உள்ள கண்ணாடி அறைக்குப் போக வேண்டும். அதுதான் அறிவிப்பு அறை. எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த நடைமேடையில், எவ்வளவு தாமதம் என்பதையெல்லாம் அங்கிருந்துதான் சொல்வார்கள். பகல் வேளையில் இருபத்தாறு வருஷமாக அந்த மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது ஒரே ஆள்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் நிலையத்தில் பாதிப் பேர் விழிப்பார்கள். வெண்கலக்கா என்று கேட்டால் போர்ட்டரிலிருந்து தண்டவாளம் கூட்டுகிறவர் வரை மேலே கை காட்டுவார்கள்.

அப்படி ஒரு குரல். தகரக் கூரையில் மழை கொட்டுகிற நாளிலும், ஏழாவது நடைமேடையின் கோடியில் நிற்கிறவர் காதுக்கு ஓர் எழுத்துகூடச் சிதறாமல் போய்ச் சேரும். அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி அடக்கமாக நடிக்கிற வழக்கம் அவளிடம் இல்லை. புதிதாக வந்த நிலைய அதிகாரி ஒருவர், "கொஞ்சம் மெதுவாப் பேசலாமேம்மா" என்றபோது, "மெதுவாப் பேசறதுக்கு வீடு இருக்கு சார். இங்க யாரும் வண்டியக் கோட்டை விட்டுடக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

வீட்டிலும் அவள் மெதுவாகப் பேசியதில்லை என்பது வேறு விஷயம். அவள் கணவர் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் சாவி போடும் கடை வைத்திருந்தார். அவள் ஒரு வண்டிக்குப் பேசுகிற பேச்சு அவருக்கு ஒரு நாளைக்குப் போதும். அந்தக் குறையை நிரப்ப அவருடைய அக்கா இரண்டு வீடு தள்ளி இருந்தார். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. வயது அறுபத்தொன்று. வாதுமைக் கொட்டையைப் பல்லாலேயே உடைத்துத் தின்பார். "முப்பத்திரண்டுல ஒண்ணு ஆடுதுன்னு யாராவது காட்டுங்க, நான் என் பேரையே மாத்திக்கிறேன்" என்று சவால் விடுவார்.

அந்த நாத்தனார் முன்னால் வெண்கலக்காவால் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அவள் வாயில் இருந்தது ஒன்றுகூட அவளுடைய சொந்தப் பல் இல்லை.

நாற்பத்தேழு வயதில் ஈறு கெட்டுப்போய், பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கியபோது, தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி இரண்டு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கை ஊருக்குப் போனாள். அங்கே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மேலும் கீழுமாகப் பல்செட் வைத்துக்கொண்டு வந்தாள். விஷயம் தெரிந்தவர்கள் தங்கையும் கணவரும் மட்டும்தான். தங்கை தொலைவில் இருந்தாள். கணவர் வாய் திறக்கிற ஆள் இல்லை. நிலையத்தில் எல்லாரும், "லீவு ஒத்துக்கிட்டுது போல, முகமே தெளிஞ்சிருக்கு" என்றார்கள். அவள் தாராளமாகச் சிரித்துக் காட்டினாள்.

பல்செட் செய்து கொடுத்தவர், "பல் இல்லாத ஈறு வருஷா வருஷம் சுருங்கும். செட்டு லூசாகும். வருஷத்துக்கு ஒரு தரம் வந்து காட்டிடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். அவள் போகவில்லை. மூன்றாவது வருஷம் ஒரு விடுமுறைக் காலத்தில், கூட்டம் பிதுங்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில், "சிறப்பு ரயில்" என்று சொல்ல வாயெடுத்தாள். 'சிற' என்றதும் மேல் செட் இறங்கிக் கீழ் செட்டின் மேல் 'டக்' என்று உட்கார்ந்தது. ஏழு நடைமேடைகளிலும் அந்த 'டக்' கேட்டது. அவள் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு, "இந்த மைக்ல ஏதோ இடிக்குது, என்னன்னு பாருங்க" என்றாள். பாவம், அவர் புது மைக்கே மாட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே பல்செட் ஒட்டும் பசை ஒரு டியூப் வாங்கினாள். பட்டாணி அளவு தடவினால் போதும் என்று போட்டிருந்தது. பட்டாணி, பெரிய கோலிக்குண்டு ஆனது. ஈறு சுருங்கச் சுருங்க இடைவெளி கூடியது. இடைவெளி கூடக் கூடப் பசை கூடியது. காலையில் வீட்டில் ஒரு தரம், பதினோரு மணி வண்டிகளுக்கு முன்னால் ஒரு தரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தரம், சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு தரம். இரண்டு நாளைக்கு ஒரு டியூப் தீர்ந்தது. ஒரே கடையில் வாங்கினால் கடைக்காரர் கணக்குப் போட்டுவிடுவார் என்று மூன்று தெருவில் மூன்று மருந்துக்கடைகளில் மாற்றி மாற்றி வாங்கினாள். அறிவிப்பு அறை மேஜையில் பூட்டுகிற இழுப்பறை ஒன்று உண்டு. அதற்குச் சாவி போட்டுக் கொடுத்தவர் கணவர்தான். உள்ளே என்ன என்று அவர் கேட்கவில்லை. சாவி போடுகிறவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் தொழில் நடக்காது.

ஐம்பத்துமூன்றாவது வயதில் ஒரு நாள், டீ கொண்டுவருகிறவர் ஒரு கையில் டம்ளரும் மறு கையில் செருப்புமாக மேலே வந்தார்.

"அக்கா, இது உங்களோடதுதானே? எட்டாவது படியில தனியா நிக்குது."

வெண்கலக்கா காலைப் பார்த்தாள். இடது கால் வெறுங்காலாக இருந்தது. "வரமாட்டேன்னு அடம் பிடிச்சுது, விட்டுட்டு வந்துட்டேன்" என்று சிரித்தாள். அவர் போன பிறகு சிரிப்பு நின்றது. வெயில் ஏறிய இரும்புப் படி. பதினாலு படி வெறுங்காலில் ஏறியிருக்கிறாள். சூடு தெரியவில்லை. செருப்பு கழன்றதும் தெரியவில்லை.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கவனித்தாள். கனமான காலுறை போட்டுக்கொண்டு மெத்தைமேல் நடப்பது போல இருந்தது. சோப்பு போட்டு முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு நாள் வாளியோடு சேர்ந்து விழுந்து, குளியலறையிலிருந்து நனைந்த கோழி மாதிரி வெளியே வந்தாள். நடக்கும்போது கால் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"என்ன, தோட்டைத் தொலைச்சவ மாதிரி தரையையே பார்த்து நடக்கிற?" என்றார் நாத்தனார்.

"கால் மரத்துப் போகுது அண்ணி."

"உட்கார்ந்தே வேலை பார்த்தா மரத்துத்தான் போகும். என் பஸ்ல ஒரு நாள் வா, சரியாப் போயிடும்."

சொல்லிவிட்டாரே ஒழிய, அடுத்த நாளே பக்கத்துத் தெரு மருத்துவரிடம் அவளை இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள்; இல்லை. முகம் வெளுத்திருக்கிறது, சத்துக் குறைவாக இருக்கும், பி12 வைட்டமின் குறைந்தால் கால் இப்படித்தான் மரக்கும் என்று சொல்லி, அந்த மருத்துவர் பத்து ஊசி போட்டார். தப்பாகச் சொல்லவில்லை, முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் காரணமாக இருக்கும். பத்து ஊசியும் ஏறின. காலுக்கு உணர்வு திரும்பவில்லை. போதாக்குறைக்கு விரல் நுனிகளிலும் எறும்பு ஊர ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் படிக்கட்டில் இறங்கும்போது கடைசி ஆறு படிகளை உட்கார்ந்தபடியே இறங்கி முடித்தாள். மணிக்கட்டு வீங்கியதோடு போனது அதிர்ஷ்டம்.

நிலைய அதிகாரி அவளைக் கீழே விசாரணைச் சன்னலில் உட்கார வைத்தார். அங்கே ஒருவர் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதிலை வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு கலைந்து போனார்கள். ஆனாலும் அவளுக்கு அது பிடிக்கவில்லை. "சன்னல் வழியா முதுகும் தலையும்தான் தெரியுது. எனக்கு ஏழு நடைமேடையும் தெரியணும்" என்றாள் கணவரிடம். "சும்மா உட்கார்ந்து சாய மாட்டேன். இது என்னன்னு பார்த்தே தீரணும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஓர் அம்மாள். குட்டையாக வெட்டிய தலைமுடி, அவசரமில்லாத பேச்சு. இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அதிரவிட்டு, அவள் கால் கட்டைவிரலில் வைத்தார்.

"அதிருதா?"

"இல்ல."

கணுக்காலில் வைத்தார்; இல்லை. முழங்காலுக்கு வந்தபோதுதான், "ஆங், லேசா" என்றாள். பிறகு பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னார். மூன்று எண்ணுவதற்குள் அவள் சாய, பக்கத்தில் நின்ற கணவர் பிடித்துக்கொண்டார்.

"தினமும் சாப்பிடற மருந்து ஏதாவது? சத்து மாத்திரை, லேகியம், பல், கண், காதுக்குன்னு ஏதாவது?"

வெண்கலக்கா வாயைத் திறப்பதற்குள், கூட வந்திருந்த நாத்தனார் முந்திக்கொண்டார். "தலைவலி மாத்திரைகூடப் போட மாட்டா டாக்டர். பல்லு பாருங்க, முத்து மாதிரி. அதுக்கெல்லாம் என்ன மருந்து?"

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். டாக்டர் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்கும் கழுத்துத் தண்டுவட ஸ்கேனுக்கும் சீட்டு கொடுத்தார்.

மறுநாள் ஸ்கேன் அறையில் இருந்த பெண், நகை, கடிகாரம், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். தட்டில் எல்லாம் வந்து சேர்ந்ததும், குரலைத் தாழ்த்தி, "பல்செட் இருக்காம்மா?" என்றாள்.

வெண்கலக்கா கதவைப் பார்த்தாள். நாத்தனார் வெளியே. கதவு சாத்தியிருந்தது. "இருக்கு" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு மெதுவாக அவள் எதையும் சொன்னதில்லை.

கழற்றலாம் என்றால் வரவில்லை. காலையில்தான் கோலிக்குண்டு அளவுக்கு அப்பியிருந்தாள். வெந்நீர் வாங்கிக் கொப்பளித்து, ஓரத்தில் விரலை விட்டு நெம்பி, ஒருவழியாக எடுத்தபோது ஈறு முழுக்க இளஞ்சிவப்புப் பசை நூல் நூலாக இழுத்தது. அந்தப் பெண் கிண்ணத்தை நீட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பசையா? ஒரு டியூப் எத்தனை நாள் வருது?"

"வெண்டு நாள்" என்றாள் பல் இல்லாத வாயால்.

"ரெண்டு நாளா! எங்கம்மாவுக்கு ரெண்டு மாசம் வருதே." அந்தப் பெண் கிண்ணத்தை உற்றுப் பார்த்தாள். "மிச்சமெல்லாம் வயித்துக்குத்தானேம்மா போகும்? டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

இயந்திரத்துக்குள் படுத்திருந்த அரைமணி நேரமும் அது கடகடவென்று இரைந்துகொண்டிருந்தது. அவளுக்கு அந்தக் கேள்விதான் காதில் நின்றது. மூன்று வருஷம். இரண்டு நாளைக்கு ஒரு டியூப். எச்சிலோடு எச்சிலாக அத்தனையும் உள்ளேதான் போயிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இனியும் மறைக்கலாம். ஆனால் அந்தப் பல் இப்போது வெளியே கிண்ணத்தில் அல்லவா இருந்தது? அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அசையாதீங்க" என்றது ஒலிபெருக்கி. தன்னிடம் ஒலிபெருக்கியில் ஒருவர் பேசுகிற நாளும் வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தண்டுவடத்தின் பின்பக்கம் சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு. "கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சொல்ற நரம்பெல்லாம் இந்த வழியாத்தான் போகுது. அது பழுதாகியிருக்கு. பி12 குறைஞ்சா இப்படி வரும். ஆனா உங்களுக்கு பி12 நிறையவே இருக்கு. ரத்தம் குறைஞ்சிருக்கு, வெள்ளை அணுவும் குறைஞ்சிருக்கு. எங்கயோ ஒண்ணு இடிக்குது. இன்னொரு தரம் யோசிச்சுச் சொல்லுங்க..."

வெண்கலக்கா கைப்பையைத் திறந்து ஒரு டியூபை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, பத்து மணி வண்டி ஆறாவது நடைமேடைக்கு மாற்றப்பட்டதைச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"டாக்டர், எனக்கு வாயில ஒரு பல்லும் கிடையாது. ஆறு வருஷமா மேலயும் கீழயும் பல்செட். மூணு வருஷமா இந்தப் பசை. ரெண்டு நாளைக்கு ஒரு டியூப். அன்னைக்கே கேட்டீங்க. நான் சொல்லல. என் தப்புதான்."

வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். டாக்டர் டியூபை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "துத்தநாகம்" என்றார்.

"அளவாப் போட்டா இது ஒண்ணும் பண்ணாது. நீங்க போட்டது பல மடங்கு. துத்தநாகம் குடலுக்குள்ள அளவுக்கு மீறிப் போனா, சாப்பாட்டுல வர்ற செம்பை உடம்புல சேர விடாது. தடுத்து வெளிய தள்ளிடும். நரம்புக்கும் ரத்தத்துக்கும் துளியூண்டு செம்பு வேணும். அது இல்லன்னா, பார்க்கறதுக்கு அப்படியே பி12 குறைஞ்ச மாதிரியே இருக்கும். இப்போதைக்கு இது என் சந்தேகம்தான். ரத்தத்துல ரெண்டையும் அளந்து பார்த்துடலாம்."

அதுவரை வாயே திறக்காத கணவர் தொண்டையைக் கனைத்தார். "செம்பும் துத்தநாகமும் சேர்ந்தாப் பித்தளை, டாக்டர். என் கடையில சாவி பூரா அதுதான். அங்க ஒண்ணாத்தானே இருக்கு?"

"உலையில சேர்ந்துக்கும். குடல்ல இடத்துக்குச் சண்டை போடும்" என்றார் டாக்டர். "நானும் அந்த ஸ்டேஷன்லதான் வண்டி ஏறறேன். ஊரெல்லாம் இவங்களை வெண்கலம்ங்கறாங்க. செம்பு இல்லாம ஏது வெண்கலம்?"

நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. நடைக்கூடத்துக்கு வந்த பிறகுதான் கேட்டார்.

"ஆறு வருஷமா?"

"ஆமா அண்ணி."

"போன மாசம் என் எதிர்லயே வாதுமை தின்னியே!"

"ஊற வச்சுத் தின்னேன்."

நாத்தனார் அவளை ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அடிப்பாவி. என் வாய்க்குப் பயந்தா காலைத் தொலைச்ச? நான் பேசறதையெல்லாமா ஒருத்தி பெருசா எடுத்துக்குவா?" அதற்குப் பிறகு தன் முப்பத்திரண்டைப் பற்றி அவர் அந்த வீட்டில் பேச்செடுக்கவில்லை.

ரத்தம் வேறோர் ஊர் ஆய்வகத்துக்குப் போய், முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. துத்தநாகம் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. செம்பு, தேடிப் பிடிக்க வேண்டிய அளவில் இருந்தது. பசையை அன்றே நிறுத்தினார்கள். முதல் ஐந்து நாள் செம்புச் சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள், பிறகு மாத்திரை. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "ரத்தம் சீக்கிரம் தேறிடும். நரம்பு மெதுவாத்தான் வரும். முழுசா வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இதுக்கு மேல மோசமாப் போகாது, அது உறுதி."

"அது போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றாள் வெண்கலக்கா.

இந்தத் தடவை உள்ளூரிலேயே, ஒளிக்காமல், ஒரு பல் மருத்துவரிடம் போனாள். அவர் பழைய செட்டை வாயில் வைத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இது கால்ல போடற அளவுக்கு லூசா இருக்கும்மா!" சுருங்கிய ஈறுக்கு அளவெடுத்துப் புதுசு செய்து கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள் அவள். மூச்சை இழுத்து, "பயணிகள் கவனத்திற்கு. நான்காவது நடைமேடையில் நிற்கும் சிறப்பு விரைவு ரயில் இன்னும் சில நிமிடங்களில் புறப்படும்" என்று ஒரே வீச்சில் சொன்னாள். சகரம், றகரம் எதுவும் விசில் அடிக்கவில்லை. செட் இம்மியும் நகரவில்லை. வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

கால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மூன்று வாரத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது. மூன்று மாதத்தில் கைவிரல்களில் எறும்பு நின்றது. காலில் மரப்பு முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்க ஐந்து மாதம் பிடித்தது. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தவர் சொன்னபடி, தினமும் காலையில் வீட்டு நடையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதன்மேல் அடிமேல் அடி வைத்து நடந்தாள். பிறகு சுவர் மூலையில் நின்று கண்ணை மூடுவாள். கணவர் எதிரே கையை நீட்டி வைத்துக்கொண்டு எண்ணுவார். முதல் வாரம் நாலுக்கு மேல் போகவில்லை. இரண்டாம் மாதம் பதினொன்று. ஒரு நாள் முப்பது வரை எண்ணிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? நான் நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"எனக்குத் தொண்டை வலிக்குது" என்றார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு பேசியது அந்த மாதங்களில்தான்.

ஏழாவது மாதம் டாக்டரின் சான்றிதழோடு நிலைய அதிகாரி முன்னால் போய் நின்றாள். அவர் நல்ல மனுஷர். "கீழேயே இருந்துக்கலாமேம்மா. எதுக்கு வீணா ரிஸ்க்கு?" என்றார்.

"படிக்கு ஒரு பக்கம்தான் சார் கைப்பிடி இருக்கு. இன்னொரு பக்கமும் போட்டுக் கொடுங்க. என்னைக்கு ஏற முடியலையோ அன்னைக்கு நானே வந்து சொல்றேன். சொல்லாம மறைக்கிற பழக்கத்தை விட்டுட்டேன்."

மூன்று கடிதம் எழுதிய பிறகு கைப்பிடி வந்தது. பின்கட்டு வைத்த காலணி மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்து ஏறினாள். வழக்கமாக ஒரு நிமிஷத்தில் ஏறுகிற இடத்துக்கு நாலு நிமிஷம் ஆனது. கீழே போர்ட்டர்கள் சுமையை இறக்கிவைத்துவிட்டு அண்ணாந்து நின்றார்கள். மேலே போய் மைக்கைத் திறந்து முதல் வண்டியைச் சொன்னபோது, அவர்களில் ஒருவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, "சரி, இனி வண்டி நேரத்துக்கு வரும்" என்றார். அது எப்போதும் போல நாற்பது நிமிஷம் தாமதமாகத்தான் வந்தது.

பல்செட் கதையை அவள் யாரிடமும் ஒளிக்கவில்லை. டீக்காரரிடம் ஒரு முறை சொன்னது போதும், நிலையம் முழுக்கப் போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பார்சல் அலுவலகத் தலைமை எழுத்தர் படி ஏறி வந்தார். ஊரையே அதட்டுகிற மனிதர். கதவைச் சாத்திவிட்டு, கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு டியூபை எடுத்தார்.

"இதுல அது இருக்கான்னு பார்த்துச் சொல்லும்மா. எனக்குப் பொடி எழுத்து தெரியல."

வெண்கலக்கா சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "இதுல இல்ல. ஆனா எவ்வளவு போடறீங்க?"

அவர் விரலால் காட்டினார். பட்டாணியைவிடச் சற்றுப் பெரிது.

"கூடுதல். செட்டு லூசாத்தான் இருக்கும். விலாசம் எழுதித் தர்றேன், நாளைக்கே போய்க் காட்டுங்க."

அவள் விரல் நுனிகளுக்கு இப்போது பேனா நன்றாகத் தெரிகிறது. கால் கட்டைவிரல்கள் இரண்டும் இன்னும் பஞ்சில்தான் இருக்கின்றன. அவை அப்படியேதான் இருக்கும் போல என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மீதி எட்டு விரல் இருக்கே" என்றாள் அவள். அந்தப் படிகளை இப்போது இரண்டு நிமிஷத்துக்குள் ஏறிவிடுகிறாள். ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. அதற்குள் ஒலிபெருக்கிகள் சிலவற்றை மாற்ற வேண்டும், ஐந்தாவது நடைமேடையில் எதிரொலிக்கிறது என்று அதிகாரிக்கு நேற்றுதான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.